சாலையும் மின்சாரமும் இல்லாத மூன்று நாட்கள்: கடலோரச் சிற்றூர்களுக்கான புயல்கால ஆயத்த வழிகாட்டி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எச்சரிக்கைகள் உரிய காலத்தில் வந்திருந்தன. தாழ்வான பகுதிகளில் இருந்தவர்கள் பெருமளவில் முகாம்களுக்கு மாற்றப்பட்டிருந்தனர். ஆனால் காற்று அடங்கிய பிறகுதான் டெல்டா மாவட்டங்களின் பெருந்துன்பம் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னையும் புளியும் சாலைகளின் குறுக்கே விழுந்து ஊர்களைத் துண்டித்தன. கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. மின்சாரம் இல்லாததால் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளில் தண்ணீர் ஏறவில்லை. உள்ளொதுங்கிய சிற்றூர்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

ஆகவே கடலூர் முதல் இராமநாதபுரம் வரையிலான கடலோரத்தில் உள்ள ஒரு சிற்றூர் புயலுக்கு ஆயத்தமாவது என்பது, காற்றடிக்கும் அந்த ஓர் இரவுக்கு மட்டும் ஆயத்தமாவதாக இருக்கக் கூடாது. அதற்கடுத்த மூன்று நாட்களுக்கு வெளியிலிருந்து லாரியும் வராது, லைன்மேனும் வரமாட்டார், தொலைபேசியும் இயங்காது என்று வைத்துக்கொண்டு திட்டமிட வேண்டும். உதவி அதற்கு முன்னதாகவே வந்துவிட்டால் நல்லதுதான். வராவிட்டாலும் ஊர் தாக்குப்பிடிக்க வேண்டும். இருநூறு முதல் ஐந்நூறு குடும்பங்கள் வரை வாழும் ஊராட்சிகளையும், அங்குள்ள வீடுகளையும் மனத்தில் கொண்டு இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

எப்போது தொடங்குவது

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. புயல்கள் பெரும்பாலும் நவம்பரிலும் டிசம்பரிலும் வருகின்றன. எனவே ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் புயல்கால ஆயத்தத்தை ஒரு தனிப் பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுவதும், செப்டம்பரில் வேலைகளைச் செய்வதும், அக்டோபர் 2 கிராம சபையில் செய்தவற்றைச் சரிபார்ப்பதும் பொருத்தமான கால அமைப்பாகும். தீர்மானமாக எழுதப்பட்டால்தான் ஜெனரேட்டர் வாடகைக்கும் வாய்க்கால் தூர்வாரலுக்கும் ஊராட்சி செலவிடுவதில் பின்னர் கேள்வி எழாது. வானிலை அறிக்கை வந்தபின் கூடிப் பேசும் கூட்டத்தால் பெரிதாகப் பயன் விளைவதில்லை. அப்போது ஜெனரேட்டர் வைத்திருப்பவரை ஏற்கெனவே பக்கத்து ஊர்க்காரர் பேசி முடித்திருப்பார்.

செப்டம்பர் வேலைகளில் முதன்மையானது வடிகால். ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்காலும், திறக்க முடியாமல் துருப்பிடித்த மதகும், சிறுபாலங்களின் அடியில் சேர்ந்த குப்பையும் சாதாரண மழையையே வெள்ளமாக்கிவிடும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய மழையை எந்த வாய்க்காலும் தாங்காது என்பது உண்மையே. ஆனால் 20 சென்டிமீட்டர் மழையில் மூழ்கும் ஊருக்கும் மூழ்காத ஊருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் வாய்க்காலின் நிலையில்தான் இருக்கிறது.

அடுத்தது அடிபம்புகள். மேல்நிலைத் தொட்டி வந்தபின் பல ஊர்களில் இவை கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. மின்சாரம் இல்லாத நாட்களில் குடிநீர் தரக்கூடிய ஒரே கருவி அதுவாகவே இருக்கலாம் என்பதால், ஊரில் உள்ள ஒவ்வோர் அடிபம்பையும் அடித்துப் பார்த்து, வாஷர் தேய்ந்தவற்றைப் பழுதுபார்க்க வேண்டும். எதன் நீர் குடிக்க உகந்தது, எது உப்பு என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஊர்க் குறிப்பேடு

உள்ளூர்த் தலைமைக்கு இருக்க வேண்டிய மிக முக்கியமான கருவி, விலை குறைந்த ஒரு நோட்டுப் புத்தகமே. கைப்பேசியிலோ கணினியிலோ மட்டும் இருக்கும் பட்டியல், மின்கலம் தீர்ந்த இரண்டாம் நாளில் பயன்படாது. குறிப்பேட்டை மூன்று படிகளாக எழுதி, ஒன்றை ஊராட்சித் தலைவரிடமும், ஒன்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமும், ஒன்றைக் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் வைக்கலாம். மீனவ ஊர்களில் மரபுவழி ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் நான்காவது படி இருக்க வேண்டும். ஏனெனில் அங்கு நடைமுறையில் ஊரை அசைப்பவர்கள் அவர்களே.

அதில் முதலில் எழுதப்பட வேண்டியவர்கள், தாமாக நடந்து முகாமுக்கு வர முடியாதவர்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், தனியாக வாழும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், பேறுகாலம் நெருங்கிய பெண்கள், கைக்குழந்தை உள்ள தாய்மார்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் ஆகியோரை வீடு வாரியாக எழுதி, ஒவ்வொருவரையும் யார், எந்த வாகனத்தில், எங்கே கொண்டு சேர்ப்பது என்பதையும் எதிரிலேயே குறிக்க வேண்டும். பேறுகாலம் அண்மையில் உள்ளவர்களையும் டயாலிசிஸ் தேவைப்படுபவர்களையும் ஊர் முகாமுக்குக் கொண்டு வருவதில் பொருளில்லை. புயலுக்கு இரண்டு நாள் முன்பே மருத்துவமனை உள்ள நகரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். இப்பட்டியலில் நோய் விவரங்கள் இருப்பதால் அதனை வாட்ஸாப் குழுக்களில் பகிரக் கூடாது.

குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவர்களை இப்பட்டியல்கள் வழக்கமாகத் தவறவிடுகின்றன. உப்பளத்திலும் இறால் பண்ணையிலும் செங்கல் சூளையிலும் தங்கி வேலை செய்யும் வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்கள் எத்தனை பேர், எங்கே தங்கியிருக்கிறார்கள், அவர்களுக்குப் புரியும் மொழியில் செய்தி சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதை உரிமையாளர்களிடம் கேட்டு எழுத வேண்டும். கடலுக்குச் செல்பவர்களின் நிலையும் இத்தகையதே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் உருவானபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கச் சென்றிருந்தவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. எந்தப் படகு, எத்தனை பேருடன், என்று புறப்பட்டது, என்று திரும்பும் என்ற பதிவு கரையில் இருந்தால்தான் யாரைத் தேட வேண்டும் என்பதையாவது கடலோரக் காவல்படையிடம் உறுதியாகச் சொல்ல முடியும்.

குறிப்பேட்டின் இரண்டாம் பகுதி ஊரின் கைவளம். டிராக்டர், ஜே.சி.பி., மரம் அறுக்கும் இயந்திரம், ஜெனரேட்டர், டீசல் பம்ப்செட், ஃபைபர் படகு, பெரிய சமையல் பாத்திரங்கள், தார்ப்பாய் ஆகியவை யாரிடம் உள்ளன என்பதை எழுத வேண்டும். அவற்றை இயக்கத் தெரிந்தவர்களின் பெயர்களும் வேண்டும். கஜாவின்போது ஊர்களை அடைத்தவை மரங்களே என்பதால், ஊரில் குறைந்தது இரண்டு மரம் அறுக்கும் இயந்திரங்களாவது இருப்பதும், அவற்றுக்குரிய பெட்ரோலும் சங்கிலி எண்ணெயும் முன்கூட்டியே வாங்கப்பட்டிருப்பதும் பிற எந்தச் செலவையும்விட முந்தியவை என்பது என் கருத்து.

இருபது வீடுகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளர்களையும், ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றாளையும் நியமித்துக்கொள்வது நல்லது. மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றவர்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பதை அவர்கள் பட்டியலைப் பார்க்காமலே சொல்வார்கள்.

தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டரும்

கஜாவுக்குப் பின் பல ஊராட்சிகள் வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்துதான் தொட்டிக்கு நீரேற்றின. தேவை ஒரே நேரத்தில் எழுந்ததால் ஜெனரேட்டர் கிடைப்பதே அரிதாக இருந்தது. இதனைச் செப்டம்பரிலேயே பேசி முடிக்கலாம். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் குதிரைத்திறன் என்ன, அது மும்முனை மின்சாரத்தில் ஓடுகிறதா என்பவற்றை மின்பணியாளரைக் கொண்டு அறிந்து, தொடக்க வேளையில் மோட்டார் இழுக்கும் கூடுதல் மின்னோட்டத்தையும் கணக்கில் கொண்டு, எவ்வளவு திறனுள்ள ஜெனரேட்டர் வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். சிறிய ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மோட்டார் சுழலாமல் நிற்பது அடிக்கடி நிகழ்வது. மோட்டாரைப் பொதுக் கம்பியிலிருந்து பிரித்து ஜெனரேட்டருடன் இணைக்கும் மாற்றுச் சுவிட்ச் ஒன்றை மோட்டார் அறையில் முன்பே பொருத்திவிட்டால் ஜெனரேட்டர் வந்த அரை மணி நேரத்தில் நீர் ஏறும்.

அந்தச் சுவிட்ச் உயிர் காக்கும் பொருளும்கூட. ஜெனரேட்டரையோ இன்வெர்ட்டரையோ பொதுக் கம்பியிலிருந்து பிரிக்காமல் இணைத்தால் மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் பணியாளரைக் கொன்றுவிடும். வீட்டுக்குள்ளோ அடைத்த திண்ணையிலோ ஜெனரேட்டரை ஓட்டுவதும் அதே அளவுக்கு ஆபத்தானது. மணமில்லாத அதன் நச்சுப்புகை உறங்குபவர்களை எழுப்பாது.

புயல் அறிவிப்பு வந்தவுடன், காற்று தொடங்கும் முன், தொட்டியை முழுவதும் நிரப்பி வால்வை மூடி வைக்க வேண்டும். பிறகு அந்நீரை முறை வைத்துத் திறந்து விட்டால் முதல் இரண்டு நாட்கள் கழியும்.

முகாம்

பள்ளி, சமுதாயக் கூடம், திருமண மண்டபம், அரசு கட்டிய பல்நோக்குப் பேரிடர் மையம் ஆகியவற்றுள் எது முகாமாக அமையும் என்பதை ஊர் முழுவதும் முன்பே அறிந்திருக்க வேண்டும். கான்கிரீட் கூரை உள்ளதா, பழைய வெள்ளக் குறிக்கு மேலான உயரத்தில் தளம் இருக்கிறதா, கழிப்பறை இயங்குகிறதா, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் உண்டா என்று நேரில் பார்க்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை உள்ள கட்டடங்களை விலக்க வேண்டும். சாவி இருவரிடம் இருப்பது அவசியம்.

மக்கள் முகாமுக்கு வர மறுப்பதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பெரும்பாலும் காரணங்கள் நியாயமானவை. வீட்டில் திருட்டுப் போகும் என்ற அச்சம், கட்டிய ஆடுமாடுகளை விட்டு வர இயலாமை, பெண்களுக்குத் தனியறையும் கதவுள்ள கழிப்பறையும் இல்லாமை ஆகிய மூன்றும் பெரிய தடைகள். தெருக்காவலுக்கு ஆள் நியமிப்பதும், முகாமுக்கு அருகில் மேடான இடத்தில் கால்நடைகளுக்கு இடம் ஒதுக்குவதும், பெண்களுக்கென ஓர் அறையைப் பிரித்துத் தருவதும் ஒலிபெருக்கியில் பத்து முறை அழைப்பதைவிடப் பயன் தரும்.

நான்காவது தடை ஒன்றும் உண்டு. அதனைப் பேசாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் கஜாவுக்குப் பின்னும் தலித் குடும்பங்கள் பொது முகாம்களிலும் நிவாரண வரிசைகளிலும் ஒதுக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்து பதிவாகியுள்ளன. காலனி மக்கள் எந்தக் கட்டடத்தில் தங்குவார்கள், சமையல் எங்கே நடக்கும், பொருள்கள் எந்த வரிசையில் வழங்கப்படும் என்பதை மழைக்கு முன்பே கிராம சபையில் வெளிப்படையாகத் தீர்மானித்து, ஒரே முகாம், ஒரே அடுப்பு என்று எழுதிவிட வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கதவருகே நின்று தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று இது.

வீட்டளவில் செய்ய வேண்டியவை

ஒரு நபருக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் சுமார் நான்கு லிட்டர் நீர் என்று கணக்கிட்டு, குறைந்தது மூன்று நாட்களுக்கான நீரை மூடியுள்ள குடங்களிலும் கேன்களிலும் நிரப்பி வைக்க வேண்டும். கழுவவும் கழிப்பறைக்கும் உரிய நீர் தனி. அடுப்பு எரியாத நேரத்திலும் உண்ணக்கூடிய அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், பிஸ்கட், குழந்தைக்குரிய உணவு ஆகியவை இருக்கட்டும். அரிசியும் பருப்பும் உயரமான பரணில், நெகிழி உறையில் இருக்க வேண்டும்.

குடும்ப அட்டை, ஆதார், பட்டா, பத்திரம், வங்கிப் புத்தகம், காப்பீட்டு உறுதிச்சான்று, மாணவர் சான்றிதழ்கள் ஆகியவற்றை நீர் புகாத இரட்டை உறையிலிட்டு, புறப்படும்போது கையில் எடுக்கும் பையில் வைக்க வேண்டும். அதே பையில் பதினைந்து நாள் மருந்து, மருந்துச் சீட்டு, டார்ச், மாற்று மின்கலம், பவர் பேங்க், மின்கல வானொலி, தீப்பெட்டி, மாற்றுடை, மாதவிடாய் அணையாடை ஆகியவை இருக்கட்டும். சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். கோபுரம் இயங்காதபோது கைப்பேசியில் பணம் செலுத்த முடியாது, ஏ.டி.எம். இயந்திரமும் இயங்காது. பாம்புக்கடிக்கும் மின்விபத்துக்கும் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, கடலோரக் காவல்படைக்கு 1554, மின்சாரப் புகாருக்கு 94987 94987 ஆகிய எண்களைத் தாளில் எழுதிப் பையில் வைக்கலாம். வெளிமாவட்டத்தில் உள்ள உறவினர் ஒருவரை எல்லோரும் செய்தி சொல்லும் புள்ளியாக வைத்துக்கொண்டால், பிரிந்துபோன குடும்பத்தினர் ஒருவரையொருவர் தேடி அலைவது குறையும்.

கூரை வீட்டில் இருப்பவர்கள் கூரையைக் கயிற்றால் இழுத்துக் கட்டலாம். ஆனால் கட்டிவிட்டோம் என்ற நம்பிக்கையில் உள்ளே தங்கக் கூடாது. ஓட்டு வீட்டுக்கும் தகரக் கொட்டகைக்கும் இதுவே பொருந்தும். தென்னையில் முற்றிய காய்களையும் கீழ்மட்டைகளையும் முன்கூட்டியே இறக்கிவிட்டால் காற்று பிடிக்கும் பரப்பு குறையும், வீட்டின் மேல் விழும் சுமையும் குறையும். முறிந்து தொங்கும் கிளைகளை அகற்றுவதும் அக்டோபருக்குள் முடிய வேண்டும்.

அறிவிப்பு வந்தபின்

இந்திய வானிலை ஆய்வு மையம் புயலுக்குப் படிப்படியாக எச்சரிக்கை விடுக்கிறது. சுமார் 72 மணி நேரத்துக்கு முன் முதல் கண்காணிப்புச் செய்தியும், 48 மணி நேரத்துக்கு முன் முன்னெச்சரிக்கையும், 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கையும் வருகின்றன. ஊர் தன் வேலைகளை இம்மூன்றுக்கும் பிரித்துக்கொள்ளலாம். முதல் செய்தியில் படகுகளைத் திருப்பி அழைப்பதும் எரிபொருள் வாங்குவதும்; இரண்டாவதில் மருத்துவத் தேவையுள்ளவர்களை அனுப்புவதும் தொட்டியை நிரப்புவதும்; மூன்றாவதில் பகல் வெளிச்சம் இருக்கும்போதே கூரை வீட்டினரையும் கடற்கரையை ஒட்டியவர்களையும் முகாமுக்கு மாற்றுவதும். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்பதைக் கடலோர மக்கள் நன்கு கவனிப்பார்கள். அதனுடன் மாவட்டத்துக்கான நிற எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிவப்பு எச்சரிக்கை என்பது 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேலான அதிகனமழையைக் குறிக்கக்கூடியது. சமூக ஊடகத்தில் உலவும் குரல் பதிவுகளை நம்பாமல், ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் மட்டும், குறித்த நேரங்களில், ஒலிபெருக்கி வழியாக அறிவிப்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

வீட்டை விட்டுப் புறப்படும்போது மெயின் சுவிட்சை அணைத்து, எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை மூட வேண்டும். மாடுகளைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட வேண்டும். கட்டப்பட்ட மாடு வெள்ளத்தில் தப்ப வழியில்லை.

காற்று திடீரென ஓய்ந்து வானம் தெளிந்தால் புயல் கடந்துவிட்டது என்று எண்ணி வெளியே வரக் கூடாது. புயலின் கண் எனப்படும் அமைதியான நடுப்பகுதி ஊரின் மேல் நிற்கக்கூடும். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் அதே வேகத்தில் அடிக்கும். முதல் காற்றில் தளர்ந்த மரமும் சுவரும் அந்த இரண்டாம் காற்றில்தான் விழுகின்றன. அதிகாரபூர்வ அறிவிப்பு வரும் வரை உள்ளேயே இருக்க வேண்டும்.

காற்று அடங்கிய பின்

முதல் காலையில் பொறுப்பாளர்கள் தத்தம் இருபது வீடுகளை எண்ணி, காணாதவர், காயம்பட்டவர் விவரங்களைக் குறிப்பேட்டில் சேர்க்க வேண்டும். மரம் அறுக்கும் குழு முதலில் ஆம்புலன்ஸ் வரும் வழியையும், பிறகு தண்ணீர்த் தொட்டிக்குச் செல்லும் வழியையும் திறக்கட்டும். அறுந்து கிடக்கும் கம்பிகளில் மின்சாரம் இருப்பதாகவே கருத வேண்டும். கம்பி சுற்றிய மரத்தை மின்பணியாளர் சொல்லும் வரை தொடக் கூடாது. தேங்கிய நீரில் கம்பி கிடந்தால் அந்நீரில் கால் வைக்கவும் கூடாது.

குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதே சிறந்தது. தொட்டி நீருக்கு ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் என்ற அளவில் பிளீச்சிங் தூளைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துக் குளோரின் அளவைச் சோதித்து வழங்க வேண்டும். பழைய தூள் வீரியம் இழந்திருக்கும் என்பதால் ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டவருக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். வெள்ளம் வடியும்போது பாம்புகள் மேடான இடங்களையும் விறகுக் குவியலையும் நாடும். கடிபட்டவரின் கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கு செய்யும்; கடிபட்ட உறுப்பை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டு செல்ல வேண்டும். எந்த மருத்துவமனையில் நஞ்சுமுறி மருந்து இருப்பில் உள்ளது என்பதைச் செவிலியர் முன்பே கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

இழப்பீட்டுக்கான கணக்கெடுப்பு சில நாட்களில் தொடங்கிவிடும். இடிந்த வீடு, இறந்த கால்நடை, சேதமான படகு, வலை, சாய்ந்த மரங்கள் ஆகியவற்றைச் சுத்தம் செய்யும் முன் தேதியுடன் படமெடுத்து வைக்க வேண்டும். கால்நடை இறந்திருந்தால் கால்நடை மருத்துவரின் சான்று பெற வேண்டும். கால்நடையைப் புதைத்த பின் சான்று கேட்டுப் பயனில்லை. குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள்தான் இங்கே அதிகம் இழக்கிறார்கள். பட்டா நில உரிமையாளர் பெயரில் இருப்பதால் நிவாரணமும் அவருக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. யார் எந்த நிலத்தில் என்ன பயிரிட்டிருக்கிறார் என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எனும் பயிர்ப் பதிவேட்டில் பருவத் தொடக்கத்திலேயே பதிவு செய்திருப்பதும், குத்தகையாளர் அதன் நகலைக் கையில் வைத்திருப்பதும் அவசியம். சம்பா நெல்லுக்கான பயிர்க் காப்பீட்டுக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பரில் வருகிறது. அந்த அடங்கல் நகலைக் கொண்டு அக்டோபரிலேயே கட்டணத்தைச் செலுத்திவிடலாம். கணக்கெடுப்பு முடிந்ததும் பயனாளிகள் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, விடுபட்டவர்கள் முறையிட ஒரு வாரம் தருவது நல்லது. ஊர் முகாமில் தங்கிய வெளியூர்த் தொழிலாளர்களுக்கு வீட்டுச் சேத நிவாரணம் கிடைக்காது என்றாலும், உணவும் உடையும் வழங்கும் பட்டியலில் அவர்களின் பெயர்கள் இருக்கின்றனவா என்பதை அதே சமயத்தில் சரிபார்க்க வேண்டும்.